குடை வாங்கிய பொதுஜனம்

புரொபசரைப் போன வாரம் நிலைக்கண்ணாடி முன்னால் நிறுத்திவிட்டு வந்தோம். மனிதர் இன்னும் அங்கேயேதான் நிற்கிறார். சட்டை மட்டும் மாறியிருக்கிறது.

"டை கட்டிக்கட்டுமா, வேண்டாமா?"

கேள்வி மனைவிக்கு. டாக்டரம்மா கட்டிலில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். காதில் விழாத மாதிரி சீப்பிலிருந்த முடியைச் சுருட்டி எடுத்தாள்.

"கட்டிக்கோடா கண்ணா. போட்டோ எடுப்பாங்க" என்று கூடத்திலிருந்து டாக்டரம்மாவின் மாமியார் குரல் கொடுத்தார்.

புரொபசர் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டு, கண்ணாடிக்குள் இருந்த புரொபசரைப் பார்த்து, "பெரியோர்களே, நண்பர்களே" என்று தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்குள் இருந்தவரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். இந்த வீட்டில் அவர் பேச்சை முழுசாகக் கேட்கிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

டாக்டரம்மாவும் அவரும் சரியாகப் பேசி ஒரு வாரம் ஆகிறது. தண்ணீர் மோட்டார் போட்டாச்சா, பால் வந்தாச்சா என்கிற அளவில் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. காரணம், போன வாரம் இதே கண்ணாடியிடம் அவர் ஒப்பித்துக்கொண்டிருந்த ஒரு வாக்கியம். "கல் பட்டறைத் தொழிலாளர்களின் மூச்சுத் திறன், பொதுமக்களின் மூச்சுத் திறனைவிட மேம்பட்டதாகவே இருக்கிறது." துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

ஏனென்றால் அந்தப் பட்டறையில்தான் அவளுடைய அண்ணன் கல் அறுத்தார். சமையல் மேடைக்குப் பளபளவென்று போடுகிறார்களே, அந்தச் செயற்கைக் கல். அதை அறுத்தால் மாவு மாதிரி வெள்ளைத் தூசி பறக்கும். அண்ணன் அந்த மாவில் குளித்து வீடு வந்த காலம் ஒன்று உண்டு. பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வேலையை விட்டார், அல்லது விட வைத்தார்கள். நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்தது தங்கைதான். அரசு மருத்துவமனையில் நெஞ்சு டாக்டர் அவள். எத்தனையோ பேர் படத்தை நிதானமாகப் பார்த்துப் பழகியவள், அந்தப் படத்தை வெளிச்சத்தில் வைத்துவிட்டு நாற்காலி தேடினாள். இரண்டு நுரையீரலிலும் கல்தூசி படிந்து தழும்பாகியிருந்தது. அது மருந்துக்குக் கரைகிற தழும்பு இல்லை.

"பீடி குடிச்சுக் கெடுத்துக்கிட்டாரு" என்று பட்டறை முதலாளி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் பிறந்ததிலிருந்து ஒரு பீடியைக் கையால் தொட்டதில்லை.

இதில் இன்னொரு வேதனை, அண்ணி இன்றைக்கும் அதே பட்டறைக்குத்தான் போகிறாள். அறுத்த கல்லுக்கு மெருகு போடும் வேலை. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசி அடங்கிவிடும். தூசியை உறிஞ்சுகிற குழாயும் வைத்தால் பாதி ஊர் பிழைக்கும். ஆனால் தண்ணீர் விட்டால் தரை சேறாகிறதாம், வேலை மெதுவாகிறதாம், முதலாளிக்கு மனசு வரவில்லை. தொழிலாளர் நல அதிகாரியிடம் டாக்டரம்மா நடையாய் நடந்தாள். அவரோ, "உங்க வீட்டுக்காரர்தானே ஆராய்ச்சி பண்றாரு? அது என்ன சொல்லுதோ அதுபடி உத்தரவு போட்டுடறேன்" என்று கைகழுவிவிட்டார்.

ஆக, பட்டறையில் தண்ணீர் ஓடுமா, தூசி பறக்குமா என்பது, ஆராய்ச்சி முடிவை வெளியிட இன்று மண்டபத்தில் புரொபசர் திறக்கப்போகும் வாயில் இருக்கிறது. அண்ணியின் நெஞ்சும் அந்த வாயில்தான் இருக்கிறது.

புரொபசருக்குச் சமுதாய மருத்துவத் துறை. சமுதாயத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம், தூரத்திலிருந்தே பார்த்துப் பார்த்து வளர்ந்த பாசம். பட்டறைக்குள் அவர் கால் வைத்தது ஒரே தடவை, ஆராய்ச்சித் தொடக்க விழாவுக்கு. அன்றைக்கு இயந்திரத்தையெல்லாம் நிறுத்தி, தரையைக் கழுவி, ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். "நல்ல காத்தோட்டமான இடம்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். அதற்குப் பிறகு களப்பணி முழுக்கக் கல்லூரிப் பெண்கள் இருவர் தலையில். அவர்கள் கொண்டுவந்து கொட்டியதை இவர் கணினியில் போட்டு ஆட்டினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

அண்ணனும் அண்ணியும் இறங்கினார்கள். மண்டபத்துக்கு எல்லோரும் ஒரே காரில் போவதாக ஏற்பாடு. டாக்டரம்மா வாசலுக்கு ஓடினாள்.

வீட்டு வாசலில் நாலே படிதான். அண்ணன் இரண்டு படி ஏறிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றது மூச்சுக்கு என்று தெரியக்கூடாது என்று, சுவரில் இருந்த சுண்ணாம்பைச் சுரண்டி, "பெயின்ட் உரியுது பாப்பா, பார்க்கிறதில்லையா?" என்றார்.

"பார்க்கணும்ணா" என்றாள் தங்கை. அவர் ஏறி முடிக்கும்வரை அவளும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணி மடமடவென்று ஏறி வந்துவிட்டாள். பட்டறையில் கொடுத்த மஞ்சள் தொப்பியும் புதுச் சட்டையும் போட்டிருந்தாள். விழாவுக்கு இதோடுதான் வரவேண்டும் என்று உத்தரவாம்.

"என்ன அண்ணி, தொண்டை கரகரங்குது?"

"மழைல்ல, அதான்."

"நேத்து போன்லயும் இப்படித்தான் இருந்தது. நேத்து மழை இல்லையே. ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம் வாங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"அட போ! உன் வீட்டுக்காரர் அனுப்பின பொண்ணே என்னை மூச்சு மெஷின்ல ஊதச் சொல்லிட்டு, 'அக்கா, உங்களுக்குச் சூப்பர் மூச்சு'ன்னு சர்ட்டிஃபிகேட் கொடுத்துட்டா. உங்க அண்ணன்கிட்ட வாய் கொடுத்துக் கொடுத்தே எனக்கு நெஞ்சு உரமாயிடுச்சு."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. இருமலை அடக்கிக்கொண்டே கையிலிருந்த குடையை மடக்கி, தண்ணீர் சொட்டச் சொட்டச் சுவரோரம் சாய்த்தார்.

நல்ல நீலக் குடை. புத்தம் புதுசு. மடிப்பில் வெள்ளை எழுத்து தெரிந்தது. டாக்டரம்மா குனிந்து விரித்துப் பார்த்தாள். 'மூச்சு நல ஆய்வு. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

"இது எங்கேர்ந்துண்ணா வந்தது?"

"மாப்பிள்ளை ஆபீஸ்ல கொடுத்தது. நானும் போய் ஊதினேனே, தெரியாதா?"

"நீங்க ஊதினீங்களா? எப்போ?"

"கோடைல. உங்க அத்தைதான் வந்து கூப்பிட்டாங்க. பட்டறைக்காரங்க எல்லாம் ஊதி முடிச்சாச்சு, பொதுஜனம்தான் யாரும் வரமாட்டேங்கறாங்க, பிள்ளை ஆராய்ச்சி பாதில நிக்குதுன்னாங்க. மாப்பிள்ளை காரியமாச்சே, நாம போகலைன்னா எப்படி? எங்க பின்தெரு ஆளுங்களையும் திரட்டிக்கிட்டுப் போனேன்."

டாக்டரம்மாவுக்குக் கையில் குடை கனத்தது.

"நீங்க கல் அறுத்தவர்னு அந்தப் பொண்ணுங்க கேக்கலையா?"

"இப்போ என்ன வேலைன்னு கேட்டா. சும்மா வீட்லதான் இருக்கேன்னேன். எழுதிக்கிட்டா. ஊது ஊது ஊது, இன்னும் இன்னும்னு ஒரே கத்தல். மூணு தடவை ஊத வச்சா. மூணாவதுல கண்ணு இருட்டிடுச்சு. தண்ணி கொடுத்து உக்கார வச்சா. நல்ல பொண்ணு பாப்பா. குடை வேற கொடுத்தா."

மாமியார் உள்ளேயிருந்து வந்தார். நடைக்குழுத் தலைவி அவர். காலையில் பெண்களைத் திரட்டிக்கொண்டு பூங்காவை மூன்று சுற்று சுற்றுவார், மீதி நாளெல்லாம் யாருக்காவது உதவி செய்யாமல் விடமாட்டார். ஆள் திரட்டியதற்காக அவர் கையிலும் ஒரு நீலக் குடை.

"அத்தை, ஆளுங்களை எங்கேர்ந்து கூட்டிட்டு வந்தீங்க?"

"பட்டறைக்குப் பின்தெருலேர்ந்துதான். மெஷினை ஊர் பூரா தூக்கிக்கிட்டு அலைய முடியாது, பக்கத்துலேயே முடிச்சிடலாம்னு உன் புருஷன்தான் சொன்னான். நம்ம காலனிக்காரங்களைக் கேட்டா ஆபீஸு, ஸ்கூலுன்னு ஆளுக்கொரு சாக்கு. பகல் பதினோரு மணிக்கு யாரு வீட்ல இருப்பா? அங்கேதான் ஆம்பளைங்க எல்லாம் வீட்லயே இருந்தாங்க. கூப்பிட்டதும் வந்துட்டாங்க, பாவம், தங்கமான மனுஷங்க."

"ஆம்பளைங்க ஏன் அத்தை அந்த நேரத்துல வீட்ல இருக்காங்க?"

மாமியார் குடையைக் கை மாற்றிக்கொண்டார். அந்தக் கேள்வியை அவர் இதுவரை கேட்டுக்கொண்டதில்லை. பார்க்கப்போனால், கேட்கவேண்டியது அவர் வேலையும் இல்லை. அந்த வேலைக்கென்று பட்டம் வாங்கியவர் உள்ளே டையை நேர் செய்துகொண்டிருந்தார்.

டாக்டரம்மா குடையும் கையுமாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உங்க ஆராய்ச்சில பொதுஜனம்னு யாரை எடுத்தீங்க?"

ஒரு வாரமாகப் பேசாத மனைவி பேசியதில் புரொபசருக்கு மகிழ்ச்சி. "பட்டறைத் தொழிலாளர் பட்டியல்ல இல்லாத, அதே பகுதியில வசிக்கிற, அதே வயசு ஆளுங்க. ஏன், டை டைட்டா இருக்கா கழுத்துல?"

"அண்ணன் இருக்காரு அதுல."

"அப்படியா? மச்சானா? சந்தோஷம்."

"பின்தெரு மொத்தமும் இருக்கு. பட்டறையில கல் அறுத்து நெஞ்சு கெட்டு வேலைய விட்டு வந்தவங்க. அவங்களைப் பொதுஜனம்னு ஒரு பக்கம் வச்சீங்க. இன்னும் நெஞ்சு கெடாம வேலைக்கு வந்துட்டிருக்கவங்களை இன்னொரு பக்கம் வச்சீங்க. ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, பட்டறை நெஞ்சுக்கு நல்லதுன்னு கண்டுபிடிச்சிருக்கீங்க. அண்ணனைக் கெடுத்த பட்டறைக்கு அண்ணனோட மூச்சையே சாட்சியா நிறுத்திட்டீங்க. புரியுதா, இல்ல இன்னும் மெதுவாச் சொல்லணுமா?"

புரிந்தது. அது அவர் முகத்தில் தெரிந்தது. முட்டாளாக இருந்திருந்தால்கூட மன்னித்திருக்கலாம். ஆனால் புரொபசர் படித்தவர். அரை நிமிஷம் கூரையைப் பார்த்தார். கன்னம் வெளுத்து, பிறகு சிவந்து, பிறகு பழைய நிறத்துக்கே வந்துவிட்டது. அந்த அரை நிமிஷத்தில் ஒரு மனிதன் மனிதனாக ஆகியிருக்க வாய்ப்பிருந்தது. தவறவிட்டார்.

"இதுக்கு எங்க துறையில ஒரு பேரே இருக்கு" என்றார்.

"பேரு இருக்கா?"

"இருக்கு. நோய் வந்தவங்க வேலைய விட்டுப் போயிடறதால, வேலையில இருக்கவங்க ஆரோக்கியமாத் தெரியறது. முதல் வருஷப் பாடம். நானே நடத்தியிருக்கேன்."

"நடத்தியிருக்கீங்க!"

"கத்தாதே. கடைசிப் பக்கத்துல 'ஆய்வின் வரம்புகள்'னு ஒரு பகுதி வரும். அதுல ஒரு வரி சேர்த்துடலாம்."

"கடைசிப் பக்கத்தை யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா எழுதியிருக்கணும். அதான் முறை."

டாக்டரம்மா அவரைப் பார்த்தாள். இந்த மனிதரைக் கல்யாணம் செய்த நாளில், பெரிய படிப்பு, அதிர்ந்து பேசமாட்டார், கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது என்று உறவெல்லாம் மெச்சியது நினைவுக்கு வந்தது. கெட்ட பழக்கம் ஏதாவது ஒன்று இருந்திருந்தாலாவது நாலு பேரோடு பழகியிருப்பார் என்று இப்போது தோன்றியது.

"இன்னிக்கு வெளியிடாதீங்க. திரும்பப் பண்றேன்னு சொல்லுங்க. வேலைய விட்டுப் போனவங்களையும் தேடிப் பிடிச்சு, அவங்களையும் பட்டறைக் கணக்குல சேர்த்துப் பண்ணுங்க. நானே கூட வரேன். படம் நான் எடுத்துத் தரேன்."

"மண்டபம் பேசியாச்சு. அதிகாரி வராரு. டீன் வராரு. இப்போ போய் நிறுத்தினா என் மானம் என்ன ஆகறது?"

"அண்ணி நாளைக்கும் அந்தத் தூசிக்குள்ளதான் போகணும்."

"நீ ஒரு நெஞ்சைப் பார்க்கிறே. நான் சமுதாயத்தைப் பார்க்கிறேன். வித்தியாசம் அதான்."

"சமுதாயம் உங்க வீட்டு வாசப்படி ஏற முடியாம கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. எட்டிப் பார்த்தீங்களா?"

புரொபசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கிளம்பலாம். நேரமாச்சு."

காரில் முன்சீட்டில், டிரைவருக்குப் பக்கத்தில், புரொபசர் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டு வந்தார். பின்சீட்டில் நாலு பேர் நெருக்கிக்கொண்டு, மடியில் ஈரக் குடைகள். மாமியார் மட்டும் மருமகளை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார். அறைக்கதவு சாத்தியிருந்தாலும் அந்த வீட்டுக் கதவுகள் எல்லாம் பெயருக்குத்தான் கதவுகள்.

மண்டப வாசலில் பட்டறை முதலாளி நின்று எல்லோர் கையையும் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் கையையும் பிடித்தார். "உடம்பைப் பார்த்துக்கப்பா, பீடியை விட்டியா?" என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி அன்பாக விசாரித்தார். அண்ணன் கையை உருவிக்கொண்டார்.

உள்ளே முன்வரிசைகளில் மஞ்சள் தொப்பிகள். அண்ணி அங்கே போய் உட்கார்ந்தாள். கூட்டம் குறைவாகத் தெரியக்கூடாது என்று மாமியார் நேற்றே சொல்லிவைத்திருந்ததால் பின்தெருவும் வந்திருந்தது. குடை வாங்கிய நன்றி. கடைசி வரிசைகள் முழுக்க நீலக் குடைகளை முட்டிக்கால் நடுவே ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்களோடு போய்ச் சேர்ந்தார். அந்தப் பக்கத்திலிருந்து விட்டுவிட்டு இருமல் கேட்டது. மேடையிலிருந்த டீன் இரண்டு தடவை முகம் சுளித்தார்.

டாக்டரம்மா நடுவில் உட்கார்ந்தாள். முன்னால் தொழிலாளர், பின்னால் பொதுஜனம். இப்படி ஒரு வசதியை எந்த ஆராய்ச்சியாளனுக்கும் கடவுள் செய்து தரமாட்டார். கண் இருந்தால் போதும்.

புரொபசர் பேசினார். நன்றாகத்தான் பேசினார். திரையில் இரண்டு தூண்கள் எழுந்தன, மஞ்சள் தூண் உயரம், நீலத் தூண் குட்டை. "உயரமாக இருப்பது தொழிலாளர்கள். குட்டையாக இருப்பது பொதுமக்கள். கல்தூசியால் மூச்சுத் திறன் பாதிக்கப்படுகிறது என்பதற்கு இந்த ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை" என்றார். வரம்புகள் பக்கம் வந்தது. வந்த வேகத்தில் போனது.

கைதட்டல். முதலாளி ஒலிபெருக்கியை வாங்கினார்.

"அப்போ ஊர்ல மூச்சுத் திணறுறவங்க எல்லாம் நம்ம பட்டறைக்கு வேலைக்கு வந்துடுங்க. புரொபசரே சொல்லிட்டாரு, நெஞ்சுக்கு நல்லதாம்!"

மண்டபம் சிரித்தது. புரொபசரும் சிரித்தார். சிரித்தபடியே மனைவியைப் பார்த்தார், அப்புறம் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் திரையைப் பார்த்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். அதைப் பார்த்ததும் டாக்டரம்மா எழுந்துவிட்டாள்.

"ஒரு சந்தேகம்."

"கேள்விகள் கடைசியில்" என்றார் புரொபசர்.

"இதுதான் கடைசி."

மருத்துவமனையில் வெளிநோயாளிகள் கூட்டத்தைக் குரலாலேயே வரிசையில் நிறுத்துகிறவளுக்கு ஒலிபெருக்கி தேவைப்படவில்லை. பின்பக்கம் திரும்பினாள்.

"இந்த ஆராய்ச்சிக்கு ஊதிட்டுக் குடை வாங்கின பொதுஜனம் எல்லாரும் கொஞ்சம் எழுந்திருங்க."

குடைகளை ஊன்றிக்கொண்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எழுந்து நிற்பதற்கே அந்த வரிசைகளுக்கு நேரம் பிடித்தது. சிலர் முன்நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்போ, வாழ்க்கையில என்னிக்குமே கல் அறுக்காதவங்க மட்டும் உக்காருங்க."

ஒருவர் உட்கார்ந்தார். தையல்கடைக்காரர். அறுத்ததெல்லாம் துணி மட்டும்தான்.

மற்றவர்கள் நின்றார்கள். வரிசை வரிசையாக, நீலக் குடையும் கையுமாக, அப்படியே நின்றார்கள். எதற்கு நிற்கச் சொன்னாள் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னதைச் செய்கிற பழக்கம். பட்டறையிலும் அப்படித்தான் செய்தார்கள்.

அதிகாரியின் பேனா மேஜைக்கு மேலே அந்தரத்தில் நின்றது. முன்வரிசை மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. "அது நம்ம மேஸ்திரில்ல?" என்று யாரோ கேட்டார்கள். "கட்டிங்ல நம்ம பக்கத்து மெஷின்ல நின்னவருடா" என்றது இன்னொரு குரல்.

"இவங்கதான் நீங்க ஒப்பிட்டுப் பார்த்த பொதுஜனம்" என்றாள் டாக்டரம்மா, மேடையைப் பார்த்து. "அந்தக் குட்டைத் தூண் இவங்கதான். இவங்க எங்கேர்ந்து வந்தாங்கன்னு சபைக்குச் சொல்லுங்க."

எல்லோரும் புரொபசரைப் பார்த்தார்கள். டாக்டரம்மாவுக்கு ஒரு கணம், ஒரே ஒரு கணம், ஆசை வந்தது. தப்பு நடந்துவிட்டது என்று இந்த மனிதர் இப்போது சொன்னால் போதும், மீதி வாழ்நாளெல்லாம் இவருக்கு டை நான் கட்டிவிடுகிறேன் என்று நினைத்தாள்.

புரொபசர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இப்போது தேநீர் இடைவேளை" என்றார்.

யாரும் அசையவில்லை. டீ கொண்டுவந்த ஆள் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டான். முதலாளி மட்டும் எழுந்து, "ஆமா ஆமா, டீ சாப்பிடுங்க, ஆறிடும்" என்று கைகளை வீசினார்.

"டீ ஆறினா ஆறட்டும்."

சொன்னது மாமியார். இரண்டாவது வரிசையில், புரொபசரின் அம்மா என்று சிறப்பாகப் போட்டுக்கொடுத்த நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். கையிலிருந்த நீலக் குடையை அந்த நாற்காலியில் வைத்தார். மகனைப் பார்த்த பார்வையில் அந்தக் 'கண்ணா' இல்லை.

"நீ பொதுஜனம் வேணும்னே, வீடு வீடாப் போய் நான்தான்டா இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். எதுக்குன்னு எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"அம்மா, இது வீடு இல்ல."

"வீடா இருந்தா அறைஞ்சிருப்பேன்."

சிரிக்க நினைத்தவர்கள்கூட சிரிக்கவில்லை. புரொபசரின் கை கழுத்துக்குப் போய் டையைத் தளர்த்தியது.

அப்போதுதான் முன்வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள். கணவனை, பின்வரிசையில் குடையை ஊன்றி நிற்கிற மனிதரை, திரும்பி ஒரு தடவை பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள்.

"அண்ணா, எனக்குப் படிப்பு இல்ல. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் வேலைக்கு வந்துக்கிட்டு இருக்க வரைக்கும் உசரமான தூண்ல இருக்கேன். மூச்சு வாங்கி வீட்ல உக்காந்துட்டா, அன்னிக்கே இவரோட அந்தக் குட்டைத் தூணுக்குப் போயிடுவேன். அப்பவும் பட்டறைக் கணக்குல ஒரு குறையும் தெரியாது. அப்படித்தானே?"

முதலாளி, "யம்மா, உக்காரு, உனக்கு நாளைக்கு வேலை வேணுமா வேண்டாமா?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

அண்ணி தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். கணவனிடம் போவதற்காக நடுவழியில் நடந்தாள். நீளமான மண்டபம்தான், ஆனால் பெரிய தூரம் ஒன்றும் இல்லை. காலையில் மடமடவென்று படியேறி வந்தவள். டாக்டரம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாதி வழியில் அண்ணி நின்றாள். பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். நின்றது மூச்சுக்கு என்று யாருக்கும் தெரியக்கூடாது என்று, குனிந்து, ஒழுங்காகவே இருந்த செருப்பு வாரைச் சரிசெய்தாள்.